படிக்காதவன், தூண்டப்பட்டவன்: மூலக்கொத்தளத்தில் கேட்ட கதைகள்

சின்ன வயசில் தாளமுத்து நடராசன் என்பது ஒரே ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தாளமுத்து அப்பா பெயர், நடராசன் மகன் பெயர், ரெண்டையும் சேர்த்துச் சொல்றாங்க என்பது என் கணக்கு. எழும்பூரில் சி.எம்.டி.ஏ. இருக்கிற கட்டடத்துக்குப் பெயர் தாளமுத்து நடராசன் மாளிகை. அந்தப் படி ஏறி இறங்குகிற எத்தனை பேருக்கு அது ரெண்டு ஆளுடைய பெயர் என்று தெரியும்? எனக்குத் தெரிந்த நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். "யாரோ பழைய மந்திரியா இருக்கும்" என்றார் ஒருவர். அவர் வண்ணாரப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்த ரெண்டு பேரையும் புதைத்த இடம் அவர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

இந்தக் குறிப்பு அந்த ரெண்டு பேரைப் பற்றியது என்பதைவிட, அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்ட கதைகளைப் பற்றியது. ஒரு சமூகம் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற கதையில் யாருக்குப் புத்தி இருக்கிறது, யாருக்கு வெறும் உடம்பு மட்டும் இருக்கிறது என்று பார்த்தால், அங்கே அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இதை மூலக்கொத்தளத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

மூலையும் மூலமும்

முதலில் ஊர்ப் பெயர். மூலையில் இருந்த கொத்தளம், அதாவது கோட்டைச் சுவரின் மூலையில் பீரங்கி வைக்கக் கட்டிய மேடை. அதுதான் பேச்சுவழக்கில் மூலக்கொத்தளம் ஆனது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஹைதர் அலியின் படை 1769-ல் சென்னையின் வாசல்வரை வந்துபோனது. அந்தக் காலத்தில், கறுப்பர் நகரத்தைச் சுற்றி கம்பெனிக்காரன் ஒரு பெரிய மதில் எழுப்பினான். கட்டியது பால் பென்ஃபீல்டு என்கிற ஒப்பந்தக்காரர். அதன் மேற்குப் பக்கத்தை ஒட்டிப் போகிற சாலைக்குப் பெயர் வால்டாக்ஸ் ரோடு. மதிலுக்காக மக்களிடம் வரி வாங்கலாம் என்று யோசித்தார்கள், ஆனால் வசூலிக்கவே இல்லை. வரி வராமல் போனாலும் பெயர் மட்டும் இரண்டரை நூற்றாண்டாக அப்படியே நிற்கிறது. மதிலின் ஒரு துண்டு வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாடிப் பூங்காவாக மிச்சம் இருக்கிறது.

மதில் என்றால் உள்ளே, வெளியே என்று ரெண்டு உண்டு. கடை, கோவில், வீடு, சரக்கு எல்லாம் உள்ளே. மூலைக்கு வெளியே சுடுகாடு. நகரம் வளர்ந்து, மதில் இடிந்து, ரயில் வந்து, பேசின் பிரிட்ஜ் வந்து, துறைமுகம் வந்து, இன்றைக்கு அந்த 'வெளியே' என்பது நகரத்துக்கு நட்டநடுவில் இருக்கிறது. ஆனாலும் கதையில் அது இன்னும் வெளியேதான் இருக்கிறது. வட சென்னை என்றவுடன் சொல்கிறவர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வரும் பாருங்க, அதைத்தான் சொல்கிறேன்.

1939-ல் நடந்தது

தெரிந்த கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1937 தேர்தலில் காங்கிரஸ் ஜெயித்து ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது முதலமைச்சரை அப்படித்தான் அழைப்பார்கள். 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானி கட்டாயப் பாடம் என்று ஆணை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. பெத்துநாயக்கன்பேட்டை, தங்கசாலைத் தெரு வட்டாரத்தில் இந்து தியாலஜிகல் உயர்நிலைப் பள்ளி முன்னால் தினமும் மறியல். 1938 நவம்பர் 13-ல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டம் கொடுக்கப்பட்டது. டாக்டர் தருமாம்பாள், மீனாம்பாள் சிவராஜ் போன்றவர்கள் அந்தக் காலத்துப் போராட்டத்தின் முன்வரிசையில் இருந்தார்கள். மொத்தம் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை போனார்கள். 73 பெண்கள், அவர்களோடு போன 32 குழந்தைகள் அதில் அடக்கம்.

மறியலில் கைதானவர்களில் ஒருவர் நடராசன். சென்னையைச் சேர்ந்தவர், ஆதி திராவிடர், இளைஞர். 1938 டிசம்பரில் கைது. சிறையில் உடம்பு முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, 1939 ஜனவரி 15 அன்று இறந்தார். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறோம் என்று சொல்லியும் அவர் மறுத்துவிட்டார் என்று இயக்க வரலாறுகள் சொல்கின்றன. மூலக்கொத்தளத்தில் புதைத்தார்கள். அடுத்து தாளமுத்து. கும்பகோணத்தைச் சேர்ந்தவர். 1939 பிப்ரவரியில் கைதாகி மார்ச்சில் இறந்தார். நடராசனுக்குப் பக்கத்திலேயே அவருக்கும் இடம்.

1939 அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்தது. 1940 பிப்ரவரி 21-ல் கட்டாய இந்தி நீக்கப்பட்டது.

முதல் கதை: படிக்காதவன்

நடராசனின் சாவு சட்டசபையில் கேள்வியாக வந்தபோது, அவர் எழுதப்படிக்கத் தெரியாதவர், அதனால்தான் மறியலுக்குப் போனார் என்கிற பொருள்பட ராஜாஜி பதில் சொன்னார். எதிர்க்கட்சிகள் கொதித்தன. ஈவு இரக்கம் இல்லாத பேச்சு என்று அன்றைக்கே கண்டித்தார்கள்.

ஆனால் ஈவு இரக்கம் இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டால் அந்தப் பதில் செய்கிற வேலை நமக்குப் பிடிபடாது. அதை ஒரு குட்டிக் கதையாகப் படித்துப் பாருங்கள். ஒரு ஆள். அவனுக்குப் படிப்பு இல்லை. படிப்பு இல்லாததால் எதற்காகப் போகிறோம் என்று தெரியாமல் போனான். போனதால் செத்தான். இந்தக் கதையில் அரசாங்கமே வரவில்லை. சிறை வரவில்லை. ஆணை வரவில்லை. ஒருத்தன் தன் அறியாமையால் தானே செத்துப்போனான் என்று கதை முடிந்துவிடுகிறது. அதோடு, படிக்காதவன் படிப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்கிற விதியும் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் எப்படி இருக்கணும் என்று சொல்ல, ஏற்கெனவே பள்ளிக்கூடத்துக்குள் இருப்பவனுக்கு மட்டும்தான் உரிமை. தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டவன், உள்ளே போகிற வாசல்படியில் இன்னொரு கல்லை வைக்காதே என்று சொன்னால், அது அறியாமை!

சொன்னவர் சாதாரண ஆளும் இல்லை. கதை சொல்வதில் பெரிய கை. பாரதத்தையும் ராமாயணத்தையும் பின்னாளில் எளிய தமிழில் எழுதி வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர். பிற்காலத்தில் அவரே இந்தித் திணிப்பை எதிர்த்தார் என்பதையும் சொல்லணும், அதுதான் நியாயம். மொழி பற்றி அவருடைய கருத்து மாறியது. ஆனால் அவர் எதிர்த்தபோது அது ராஜதந்திரியின் தொலைநோக்கு. நடராசன் எதிர்த்தபோது எழுத்தறிவின்மை. ரெண்டும் ஒரே நிலைப்பாடுதானே? சொன்ன ஆள் மாறியதும் அதற்குப் பெயரும் மாறிவிட்டது.

இது நம்ம ஊருக்கு மட்டுமான வியாதி இல்லை. ரணஜித் குஹா 1983-ல் எழுதிய ஒரு கட்டுரையில் காலனியக் காலத்து விவசாயக் கிளர்ச்சிகள் எப்படி எழுதப்பட்டன என்று ஆராய்ந்தார். கலெக்டர்களும் ராணுவ அதிகாரிகளும் எழுதிய குறிப்புகளில் கிளர்ச்சி என்பது இடி மாதிரி, காட்டுத்தீ மாதிரி, தொற்றுநோய் மாதிரி வரும். யாரும் யோசித்து முடிவெடுத்துக் கிளம்பியதாக இருக்காது. ஹைத்தியில் பிறந்த மானுடவியலாளர் மிஷேல் ரோல்ஃப் ட்ரூயோ 1995-ல் தன் நாட்டுப் புரட்சியைப் பற்றி இதையே வேறு விதமாகச் சொன்னார். 1791-ல் அடிமைகள் எழுந்தார்கள், 1804-ல் தனி நாடே அறிவித்துவிட்டார்கள். ஆனால் அடிமை தானாக யோசித்து விடுதலை கேட்பான் என்பதை அன்றைய ஐரோப்பிய மூளையால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வெளியிலிருந்து எவனோ வந்து கிளப்பிவிட்டிருக்கணும் என்றே தேடிக்கொண்டிருந்தார்கள். கண் முன்னால் நடப்பதையே நம்பவிடாத அளவுக்கு ஒரு கதைக்குப் பலம் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் கதை: நம்முடையது

இதுவரை எழுதியதற்கு நம்மாட்கள் யாரும் கோபப்பட மாட்டார்கள். இனிமேல் சொல்வதற்குத்தான் படுவார்கள்.

குஹாவின் கட்டுரையில் எனக்குப் பிடித்தது அதன் பின்பாதி. அரசாங்கம் எழுதிய கதையைத் திட்டுவது சுலபம். கிளர்ச்சிக்காரர்கள் மேல் அன்பு வைத்து எழுதிய தேசியவாதிகளும் இடதுசாரிகளும் என்ன செய்தார்கள் என்று கேட்கிறார். அவர்களும் அந்த விவசாயியைத் தங்களுடைய பெரிய கதையில் ஒரு பாத்திரமாக மாட்டிவிட்டார்கள், அவன் என்ன நினைத்தான் என்று அவர்களும் கேட்கவில்லை என்கிறார்.

அந்தக் கேள்வியை மூலக்கொத்தளத்துக்குக் கொண்டுவந்தேன்.

முதலில் இறந்தவர் நடராசன். இரண்டு மாதம் கழித்து இறந்தவர் தாளமுத்து. ஆனால் பெயர் தாளமுத்து நடராசன். மாளிகையிலும் அப்படித்தான், மேடைப் பேச்சிலும் அப்படித்தான், பாடப் புத்தகத்திலும் அப்படித்தான். ஏன் இந்த வரிசை என்று தலித் ஆய்வாளர்கள் சிலர் பல வருஷமாகக் கேட்டுவருகிறார்கள். தாளமுத்து நாடார் என்று சாதிப் பெயரோடு எழுதுகிற வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. நடராசன் ஆதி திராவிடர். ஆக, சாவில் முந்தியவர் பெயரில் பிந்திவிட்டார்.

இதற்குப் பதில் சொல்கிறவர்கள் மூணு காரணம் சொல்வார்கள். ஒன்று, அகரவரிசை: தா முன்னால் வரும், ந பின்னால் வரும். இரண்டு, ஓசை: தாளமுத்து நடராசன் என்று சொல்லும்போது நாக்குக்கு சுகமாக இருக்கிறது. மூன்று, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மூன்றையும் நான் ஒத்துக்கொள்கிறேன். எவனோ ஒரு அறையில் உட்கார்ந்து சதி செய்தான் என்று நான் சொல்லவே இல்லை. யாரும் வேண்டுமென்று செய்யாமலேயே நடக்கிறதே, அதுதான் எனக்குப் பிரச்சினை. யாருக்கும் உறுத்தாமல் ஒரு வரிசை எண்பது வருஷத்துக்கு மேல் நிற்கிறது என்றால், அதைத் தாங்கிப் பிடிக்க ஏற்கெனவே ஒரு பழக்கம் இருந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். தற்செயல் எல்லா முறையும் ஒரே பக்கம் சாய்ந்தால் அதைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது?

தேதியையும் பாருங்கள். நடராசன் இறந்தது ஜனவரி 15. பொங்கலோடு சேர்ந்து வருகிற நாள். ஆனால் மூலக்கொத்தளத்துக்குத் தலைவர்கள் மாலையோடு வருவது ஜனவரி 25, மொழிப்போர்த் தியாகிகள் நாளில். அது 1960-களின் போராட்டத்தோடு சேர்ந்த தேதி. கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்தது 1964 ஜனவரி 25. அடுத்த வருஷம் அதே தேதியில்தான் மதுரையில் மாணவர் போராட்டம் வெடித்தது. அவர்களையும் மறக்கக் கூடாது, சரி. ஆனால் 1939-ல் செத்தவருக்கு 1960-களின் தேதியில் மாலை. தன் சாவு நாள்கூட நடராசனுக்கு இல்லை.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. தியாகிக் கதையிலும் நடராசனுக்குப் பேச்சு இல்லை. தமிழ்த்தாய் அழைத்தாள், அவர் போனார், உயிரைக் கொடுத்தார். அவ்வளவுதான். ஏன் போனார்? ஒரு ஆதி திராவிட இளைஞனுக்கு 1938-ல் பள்ளிக்கூட வாசலில் நிற்க என்ன காரணம் இருந்திருக்கும்? அந்த வாசல் அவருக்கு என்னவாகத் தெரிந்தது? சிவராஜும் மீனாம்பாளும் அன்றைக்கு சென்னையில் பேசிக்கொண்டிருந்த அரசியலுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? இதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. ராஜாஜி சொன்ன கதையில் அவர் அறியாமையால் போனார். நம்ம கதையில் அவர் உணர்ச்சியால் போனார். ரெண்டிலும் அறிவால் போகவில்லை.

நமக்குக் கிடைக்கிற ஒரே ஒரு தடயம் அந்த மன்னிப்பு விவகாரம். கையெழுத்தோ கைநாட்டோ, ஒன்று வைத்தால் வீட்டுக்குப் போகலாம் என்கிற நிலை. தூண்டப்பட்டுப் போனவன் என்றால், எதற்கு வந்தோம் என்றே தெரியாதவன் என்றால், அந்தப் படுக்கையில் அவன் என்ன செய்திருப்பான்? வைத்துவிட்டுப் போயிருப்பான். நடராசன் மாட்டேன் என்றார். மாட்டேன் என்று சொல்ல எதற்கு மாட்டேன் என்று தெரிந்திருக்கணும் இல்லையா? அந்த ஒரு சொல்லை ஒரு வாதமாக எடுத்துப் படிக்காமல், வீரமாக மட்டும் எடுத்து மாலை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்துத் தெருவில் 1921

இந்தப் பழக்கம் நடராசனிடம் ஆரம்பிக்கவில்லை. மூலக்கொத்தளத்திலிருந்து கொஞ்ச தூரம்தான் புளியந்தோப்பு. 1918-ல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது இந்த வட்டாரத்தின் பக்கிங்காம், கர்நாட்டிக் மில்களைச் சுற்றித்தான். 1921-ல் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தத்தில் ஆதி திராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலும் சேரவில்லை. மோதல் வெடித்தது, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. நீதிக்கட்சியின் தியாகராயச் செட்டி, அரசாங்கம் ஆதி திராவிடர்களுக்குச் செல்லம் கொடுப்பதுதான் இதற்கெல்லாம் காரணம் என்றார். எம்.சி. ராஜாவுக்கும் நீதிக்கட்சிக்கும் இடையில் விழுந்த பிளவு அதற்குப் பிறகு ஒட்டவே இல்லை.

தொழிலாளர் வரலாறு பேசுகிற நண்பர்களிடம் இந்த 1921-ஐப் பற்றிக் கேட்டால், முதலாளி பிரித்தான், வெள்ளைக்காரன் தூண்டினான் என்பார்கள். மறுக்கவில்லை, நிர்வாகத்துக்கு அதில் ஆதாயம் இருந்தது. ஆனால் வேலைக்குப் போன ஆளுக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும் இல்லையா? முந்தைய வேலைநிறுத்தத்தில் யார் வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை, கடன் யார் கொடுத்தார்கள், சங்கக் கூட்டத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், வேலை போனால் ஊருக்குத் திரும்பி யார் நிலத்தில் யார் கையேந்தணும்? அந்தக் கணக்கு சரியா தப்பா என்று வாதம் பண்ணலாம். ஆனால் தூண்டப்பட்டவன் என்று எழுதிவிட்டால் வாதமே தேவையில்லை. அவனுக்குக் கணக்கே கிடையாது என்று ஆகிவிடுகிறது.

சேர்ந்து போராடினால் படிக்காதவன். சேராமல் நின்றால் தூண்டப்பட்டவன். ரெண்டு பக்கமும் ஒரே ஆளைத்தான் அடிக்கிறார்கள்.

சுவர் திரும்ப வருகிறது

பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' 2014-ல் வந்தபோது ஏன் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அப்படிக் கொண்டாடினார்கள் என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியவில்லை. அதற்கு முன் வட சென்னையைக் காட்டிய எத்தனையோ படங்களில் நாம் கத்தி எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களாக இருந்தோம், இல்லையென்றால் ஹீரோ காப்பாற்றுகிற கூட்டமாக இருந்தோம். 'மெட்ராஸ்' ஒரு ஹவுசிங் போர்டு சுவரைக் கதையின் நடுவில் வைத்தது. அந்தச் சுவரில் யார் முகம் இருக்கணும் என்பதில் பிள்ளைகள் சாகிறார்கள். சுவரா கொல்கிறது? சுவரைப் பற்றிச் சொல்லப்பட்ட கதைதான் கொல்கிறது. ஏமாந்தது நாம்தான் என்று அந்தப் படமே ஒத்துக்கொள்கிறது. ஆனால் நாமே யோசித்து வெளியே வருகிறோம் என்றும் காட்டுகிறது. கடைசியில் சுவரில் முகம் போய்ப் படிப்பு சம்பந்தமான படங்கள் வருகின்றன.

எனக்கு அந்த முடிவில் ஒரு சின்னக் குறை உண்டு. படித்தால் சரியாகிவிடும் என்கிற அந்த முடிவு, 1939-ல் சட்டசபையில் சொல்லப்பட்ட வாக்கியத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் போய் நிற்கிறது. படிக்கணும், அதில் ரெண்டாவது பேச்சே இல்லை. ஆனால் படிக்காத காலத்திலும் நம்மாட்களுக்கு மூளை இருந்தது என்று சொல்ல ஒரு காட்சி இருந்திருக்கலாம். நாயகனுக்கு முந்தைய தலைமுறை அந்தச் சுவரைப் பற்றி என்ன நினைத்தது என்று இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

மூலக்கொத்தளத்திலேயே இதன் இன்னொரு வடிவத்தைப் பார்த்தோம். 2017, 18 வாக்கில் சுடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதியில் குடிசை மாற்று வாரியம் அடுக்குமாடி வீடுகள் கட்ட முனைந்தது. மொழிப்போர் ஈகியர் நினைவிடம் இருக்கிற மண், அதில் கட்டாதே என்று எதிர்ப்பு வந்தது. வீடில்லாதவனுக்கு வீடு வேண்டாமா என்று மறுபக்கம் கேட்டது. ரெண்டிலும் நியாயம் உண்டு. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதைவிட இங்கேயே வீடு கிடைப்பது நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். ஆனால் நான் படித்த செய்திகளில் ரெண்டு பேருடைய குரல் மட்டும் தேடினாலும் கிடைக்கவில்லை. ஒன்று, அங்கே குடிவரப் போகிறவர்கள். இன்னொன்று, பெயர் பொறிக்காத குழிகளில் தங்கள் அம்மாவையும் புருஷனையும் வைத்தவர்கள். தலைவர்களும் பேசினார்கள், வாரியமும் பேசியது. இவர்களைப் பற்றித்தான் பேசினார்கள், இவர்கள் பேசவில்லை. வீடுகள் கட்டி ஜனங்கள் குடிவந்தாச்சு. 2025-ல் நினைவிடத்தையும் புதுப்பித்து, அங்கேயே துயில்கிற தருமாம்பாளுக்கும் சேர்த்து மரியாதை செய்தார்கள். நல்ல விஷயம். கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

என் வீட்டில் சொன்ன கதை

இதையெல்லாம் அடுத்தவர்கள் செய்த தப்பு மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். போன வருஷம்தான் உறைத்தது.

என் தாத்தாவும் மூலக்கொத்தளத்தில்தான் இருக்கிறார். எந்த இடம் என்று இப்போது யாருக்கும் தெரியாது. ராயபுரம் பக்கம் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கினவர். ஒரு வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதால் வேலை போனது, அதுக்கப்புறம் வீடு எழுந்திருக்கவே இல்லை. எங்கள் வீட்டில் இதைச் சொல்கிற விதம் ஒன்று உண்டு: "பாவம் வெள்ளந்தி மனுஷன், கூட இருந்தவங்க ஏத்திவிட்டுட்டாங்க." நானும் முப்பது வருஷமாக இதையேதான் சொல்லிவந்தேன். தாத்தா மேல் பாசம் இருந்ததால்தான் சொன்னேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னேன்.

போன வருஷம் ஒரு சொந்தக்காரர் சாவுக்கு மூலக்கொத்தளம் போயிருந்தோம். காரியம் முடிந்து வெளியே டீக்கடை ஓரம் நிற்கும்போது பேச்சு தாத்தாவிடம் வந்தது. நான் வழக்கம்போல ஏத்திவிட்ட கதையைச் சொன்னேன். பெரிய அத்தை முறைத்தார்.

"யாருடா சொன்னது உனக்கு?"

"எல்லாரும் அப்படித்தானே அத்தை சொல்வாங்க."

"எங்கப்பன் யாரு பேச்சக் கேட்டாரு? அவரு பேச்சத்தான் நாலு பேரு கேட்டாங்க. ராத்திரில நம்ம வீட்டுத் திண்ணைலதான் உக்காந்து பேசுவாங்க. நான்தான் டீத்தண்ணி வெச்சுக் குடுப்பேன். மூட்டைக்கு எவ்ளோ, நாளைக்கு எத்தினி மூட்டை, அடிபட்டா யாரு குடுக்குறது, அல்லாத்தையும் வெரலு விட்டு எண்ணுவாரு."

"அப்ப ஏன் அத்தை எல்லாரும் ஏத்திவிட்டாங்கன்னு சொன்னாங்க?"

"வேலை போச்சுல்ல. உங்க ஆயா யாரு மேலயாவது பழி போடணும்ல. அவரு மேல போட மனசு வரல."

எழுதப்படிக்கத் தெரியாத மனுஷன் விரல் விட்டு எண்ணியிருக்கிறார். நஷ்டம் வரும் என்று தெரிந்தே போயிருக்கிறார். தோற்றும் போனார். ஆனால் அது அவருடைய முடிவு. ஆயாவின் கதையில் அன்பு இருந்தது, அதிகாரம் இல்லை. ஆனாலும் அதுவும் தாத்தாவிடமிருந்து அதே பொருளைத்தான் எடுத்துக்கொண்டது. அந்தக் கதையை அவளாக உண்டாக்கவில்லை, ஏற்கெனவே ஊரில் புழங்கிக்கொண்டிருந்ததை எடுத்துப் போர்த்தினாள். நம்மை மட்டம் தட்ட மேலே இருப்பவன் செய்த கதையை, நம்மை ஆறுதல்படுத்திக்கொள்ள நாமே எடுத்துக்கொள்கிறோம். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதாக நினைத்திருந்தேன். அத்தை டீக்கடையில் சொல்கிற வரைக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நினைவிடம் பக்கம் போய்ப் பார்த்தேன். கூட்டம் இல்லாத சாதாரண நாள். நடராசனைப் பற்றி இனிமேல் எழுதும்போது ரெண்டு விஷயம் செய்யலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒன்று, அவர் பெயரை முதலில் எழுதுவது, ஜனவரி 15 என்ற தேதியோடு. அது சின்ன விஷயம், நாளைக்கே பழகிவிடலாம். ரெண்டாவது கஷ்டம். அவர் ஏன் போனார் என்ற கேள்வியைத் திறந்தே வைப்பது. பதில் தெரியாத இடத்தில் தமிழ்த்தாயையும் வைக்காமல், அறியாமையையும் வைக்காமல், ஒரு ஆள் யோசித்தான் என்பதை மட்டும் வைப்பது.

உங்கள் வீட்டிலும் இப்படி 'ஏத்திவிடப்பட்ட' ஒருத்தர் இருப்பார். அவரைத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இன்னும் இருந்தால், சீக்கிரம் போய்க் கேட்டுவிடுங்கள்.